காட்டுப்பன்றி நெய்: கெட்டதும் தேறியதும்

போன வருடம் நான் கொழுப்பை உருக்கி எடுத்த காட்டுப்பன்றி நெய் முக்கால் போத்தல் இன்னும் வீட்டுக்குப் பின்னால் கொட்டிலில் கிடக்கிறது. மண்வெட்டிப் பிடிக்கும் கோழிக்கூட்டுக் கதவின் கீலுக்கும் தடவுகிறேன். சாப்பிட முடியாமல் போனதற்கு மிருகம் பாதிக் காரணம், நான் உருக்கிய விதம் பாதிக் காரணம். இந்தத் தை மாதம் மறுபடி ஒரு பங்கு கிடைத்தது. இந்தத் தடவை நிறை, நேரம், சூடு எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டே செய்தேன். கொப்பியின் ஓரமெல்லாம் இப்போது எண்ணெய்க் கறை.

எங்கள் வீடு கந்தப்பளைக்கு மேலே. ஒரு பக்கம் தேயிலை. மறுபக்கம் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு என்று மரக்கறித் தோட்டங்கள். அதையும் தாண்டினால் சீத்தாஎலிய வரைக்கும் போகும் காடு. பன்றிக்கு வேறென்ன வேண்டும்? இராத்திரி இறங்கி வந்தால் விடிவதற்குள் நாலு பாத்தியை உழுதுவிட்டுப் போய்விடும். கிழங்கைத் தின்பது கொஞ்சம், மூக்கால் கிண்டிப் போடுவது மிச்சம். காலையில் போய்ப் பார்த்தால் வயிறு எரியும்.

மேட்டுத் தோட்டத்துச் சிங்கள ஐயாவிடம் பயிர்க் காவலுக்கு என்று அனுமதிப்பத்திரத்தோடு ஒரு துப்பாக்கி இருக்கிறது. அவர் சுட்டால் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பங்கு வரும். விற்பனை கிடையாது. கம்பிச் சுருக்கில் மாட்டிய பன்றி என்று தெரிந்தால் நான் கை நீட்டுவதில்லை. சுருக்குக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் ஒரு கறுப்புச் சிறுத்தை அப்படி மாட்டி, மீட்டுக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. மரை, மான் எல்லாம் சட்டத்தால் காப்பாற்றப்பட்டவை. அதனால் கீழே எழுதியிருப்பது முழுக்கக் காட்டுப்பன்றியைப் பற்றியது.

முதலில் போன வருடத்துக் கதை. வந்தது ஒற்றைப் பன்றி. கூட்டத்தை விட்டுத் தனியாகத் திரிந்த கிழட்டுக் கடுவன், தந்தம் விரல் நீளத்துக்கு வெளியே நின்றது. தோள்பட்டைத் தோல் செருப்புத் தோல் மாதிரி. ஐயா ஒரு சாக்கில் மூன்று கிலோ இறைச்சியும் ஒரு பெரிய கட்டி கொழுப்பும் அனுப்பியிருந்தார். 2022இல் தேங்காய் எண்ணெய் வாங்க முடியாமல் தவித்த நாளிலிருந்து, கொழுப்பைக் கண்டால் எறிய எனக்கு மனம் வருவதில்லை. கட்டியைப் பெரிது பெரிதாக வெட்டி, காய்ந்த சட்டியில் போட்டு, பெருந்தீயில் வைத்தேன். கரைந்து முடிவதற்குள் அடியில் இருந்தது கரிந்துவிட்டது. நெய், கோப்பி நிறத்தில் வந்தது.

அதுகூடப் பரவாயில்லை. அடுப்பிலிருந்து புகை எழும்பியதுமே என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். "ஏங்க, என்னத்தப் போட்டு காச்சுறீங்க? மூத்திரக் கொல்லைக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு!" என்றார். நான் சட்டிக்கு மேல் குனிந்து நன்றாக இழுத்துப் பார்த்தேன். கரிந்த வாடையைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மகளைக் கூப்பிட்டேன். வாசலுக்கு வருவதற்குள்ளேயே "சீ!" என்று திரும்பிவிட்டாள். மகன் வந்து முகர்ந்தான். "ஒண்ணுமில்லையேப்பா" என்றான். வீடு இரண்டாகப் பிரிந்தது. அன்றைக்கு நாங்கள் ஒருவரை ஒருவர் நன்றாகவே சந்தேகப்பட்டோம்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். விதை எடுக்காத கடுவன் பன்றியின் விதையில் அன்ட்ரோஸ்டெனோன் என்று ஒரு பொருள் ஊறுகிறது. அது கொழுப்பில் கரைவது, அதனால் கொழுப்பில் போய்த் தங்குகிறது. சூடுபட்டதும் ஆவியாகி எழும்புகிறது. சிலர் மூக்குக்கு அது மூத்திர வாடை, சிலருக்கு வியர்வை வாடை. சிலருக்குப் பிறவியிலேயே அந்த வாடை தெரியாது, நானும் மகனும் அந்தக் கட்சி. ஸ்கடோல் என்று இன்னொன்றும் இருக்கிறது, குடலில் உண்டாவது. அது சாண வாடை. அதை முகராத மூக்கு குறைவு. இரண்டும் சேர்ந்துதான் கிழட்டுக் கடுவன் கொழுப்பை அப்படி ஆக்கிவிடுகின்றன. மெல்லிய சதையில் கொழுப்புக் குறைவு என்பதால் கறியில் அவ்வளவாகத் தெரியாது, மிளகும் புளிப்புக்குக் கொறக்காயும் போட்டால் அடங்கியும் விடும். கொழுப்பை மட்டும் தனியாக எடுத்து உருக்கினால் வாடையையே வடித்தெடுத்த மாதிரிதான்.

எங்கள் அம்மாயி இதையெல்லாம் படித்தவர் இல்லை. ஆனால் பன்றி வந்தால் முதலில் கேட்பது "பெட்டையா, கடுவனா?" என்றுதான். கடுவன் என்றால் கொழுப்பை நாய்க்குப் போட்டுவிடுவார். ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

இந்த வருடம் தைப்பொங்கல் முடிந்த அடுத்த வாரம், சனிக்கிழமை விடிய ஐயா ஆள் அனுப்பினார். "மல்லி, வல் ஊரு மஸ் இருக்கு, வந்து எடுத்துக்கிட்டுப் போ" என்று பாதிச் சிங்களத்தில் சேதி. மல்லி என்றால் தம்பி, வல் ஊரு மஸ் என்றால் காட்டுப்பன்றி இறைச்சி. போனேன். பெட்டைப் பன்றி, ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும். குட்டி போட்டுப் பால் கொடுக்கிற பன்றி இல்லை. மானாப்புல்லைக் கொளுத்தி மயிரைப் பொசுக்கிச் சுரண்டி, வயிற்றைத் திறந்து வைத்திருந்தார்கள். முதுகில் விரலை வைத்துப் பார்த்தேன், இரண்டு விரல் தடிப்புக்கு வெள்ளையாகக் கொழுப்பு. மாதக் கணக்காக எங்கள் கிழங்கைத் தின்றது வீண்போகவில்லை!

பன்றி தின்பது எதுவோ அது கொழுப்பில் தெரியும். ஆடு, மாடு, மரை போன்ற அசைபோடும் மிருகங்கள் எதைத் தின்றாலும் முன் வயிற்றில் இருக்கும் கிருமிகள் அதிலுள்ள எண்ணெயை இறுக்கிவிட்டுத்தான் உள்ளே அனுப்பும். அதனால் ஆட்டுக்கொழுப்பு எப்போதும் கட்டி. பன்றிக்கு நம்மைப் போல ஒற்றை வயிறு. தின்ற எண்ணெய் பெரிய மாற்றம் இல்லாமல் கொழுப்பில் போய்ச் சேருகிறது. கிழங்கு மாதிரி மாப்பொருளைத் தின்றால் அதன் உடம்பே கொழுப்பைச் செய்துகொள்கிறது, அது வெள்ளையாகவும் கெட்டியாகவும் இருக்கும். எண்ணெய் உள்ள கொட்டைகளைப் பொறுக்கித் தின்றால் இளகும்.

ஐயாவின் ஆட்கள் சதைப் பங்குக்குத்தான் அடித்துக்கொண்டார்கள். எனக்கு இரண்டு கிலோ சதை, ஒன்றேகால் கிலோ முதுகுக் கொழுப்பு. வயிற்றுக்குள்ளே குண்டிக்காயை, அதாவது சிறுநீரகத்தைச் சுற்றி மூடியிருந்த கொழுப்பு வேண்டுமா என்று கேட்டார், யாரும் எடுக்கவில்லையாம். உடனே வாங்கிக்கொண்டேன். அது முந்நூற்றைம்பது கிராம். குடலைச் சுற்றி வலை மாதிரி இருக்கும் கொழுப்பையும் தந்தார்கள். அதை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு அங்கேயே புதைகுழியில் போட்டேன். குடலோடு ஒட்டிக் கிடப்பது, வாடை முதலில் ஏறுவதும் அதில்தான்.

அந்தக் குழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கைக்குள் வந்தது. மனிதருக்கு அது தொற்றாது. பன்றிக்கு வந்தால் பண்ணையே காலி. காட்டுப்பன்றிக்கும் வரும். அதனால் எலும்பு, தோல், குடல் எதையும் பன்றி வளர்க்கிற வீட்டுப் பக்கம் கொண்டுபோகாமல் ஆழமாகப் புதைத்தோம். ஐயாவுக்கு இதில் கண்டிப்பு அதிகம், அவருடைய மருமகன் பன்றி வளர்க்கிறார்.

சனிக்கிழமை பகல் முழுக்க எனக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. கொழுப்பைத் துணிபோட்டு மூடி, பின்பக்க இஸ்தோப்பில் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். தை மாதத்து இராத்திரிக் குளிர் எங்கள் பக்கம் குளிர்சாதனப் பெட்டிக்குச் சமம். விடியும்போது கொழுப்பு சவர்க்காரக் கட்டி மாதிரி இறுகியிருந்தது. இதைச் செய்யாமல் உடம்புச் சூட்டோடு வெட்டப் போனால் கத்தியில் ஒட்டி இழுபடும். போன வருடம் துண்டுகள் பெரிதாகப் போனதற்கும் இதுதான் காரணம்.

ஞாயிறு காலை கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கவ்வாத்துக் கத்தி கீறிய காயம் ஒன்று கட்டைவிரலில் இருந்தது. காட்டுமிருகத்து இரத்தமும் மூத்திரமும் காயத்தில் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். முதல் வேலை, விரலால் தடவித் தடவித் துப்பாக்கிச் சன்னம் தேடுவது. தோள்பட்டைப் பக்கத்துக் கொழுப்பில் அரிசி மணி மாதிரி இரண்டு தட்டுப்பட்டன. ஈயம். சன்னத்தை மட்டும் பிடுங்கிவிட்டால் போதாது. கண்ணுக்குத் தெரியாத துணுக்கு சுற்றிலும் சிதறியிருக்கலாம். இரத்தம் கட்டிச் சிவந்திருந்த இடத்தையும் சேர்த்து ஒரு உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி எறிந்தேன். நூறு கிராம் போனது. மனைவி "ஐயோ" என்றார். போனது போகட்டும் என்றேன்.

அடுத்தது மூக்குப் பரீட்சை. போன வருடம் செய்யாமல் விட்டது இதைத்தான். நகம் அளவு துண்டு முதுகிலிருந்து ஒன்று, குண்டிக்காய்க் கொழுப்பிலிருந்து ஒன்று. சின்னத் தாச்சியில் உப்பு, மஞ்சள் எதுவும் போடாமல் வைத்து, மூடியால் மூடி, மெதுவாகச் சூடாக்கினேன். 'சொய்' என்று சத்தம் வந்ததும் தாச்சியை இறக்கி மனைவியின் மூக்குக்குக் கீழே மூடியைத் திறந்தேன். என் மூக்கு இந்த வேலைக்கு உதவாது என்று தெரிந்துவிட்டதே. அவர் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். மறுபடியும் இழுத்தார்.

"பாலைக் காச்சுற மாதிரி இருக்கு."

"மூத்திரம்?"

"இல்லைங்க. இது வேற. ஆனா அந்த வெள்ளைத் துண்டுதான் இன்னும் நல்லாருக்கு."

வெள்ளைத் துண்டு என்றது குண்டிக்காய்க் கொழுப்பை. மகளும் வந்து பார்த்துத் தலையாட்டினாள். சரி, அடுப்பை மூட்டலாம்.

அடுப்பு என்றால் வீட்டுக்கு வெளியே. எங்கள் அம்மா இருந்த காலத்தில் பன்றி சமையலறைக்குள் வரக்கூடாது. தனிச் சட்டி, தனி அகப்பை, கொட்டிலுக்குப் பக்கத்தில் மூன்று கல். வெள்ளிக்கிழமை கிடையவே கிடையாது. அம்மா போய் ஆறு வருடமாகிறது, அந்த மூன்று கல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. விறகு தேயிலை மிலாறு. கவ்வாத்து வெட்டிப் போட்ட மிலாறு காய்ந்தால் நன்றாக நின்று எரியும். பூ மாதிரிச் சின்னத் தணல் வேண்டுமென்றால் ஒவ்வொரு குச்சியாக வெளியே இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குளிர்ந்து இறுகிய கொழுப்பைத் தோலிலிருந்து பிரித்தேன். ஒட்டியிருந்த சதைநார்களைச் சீவினேன். சதை ஒட்டியிருந்தால் அதுதான் முதலில் கரியும், நெய்யிலும் கறிவாடை ஏறும். பிறகு பட்டாணி அளவுக்குப் பொடிப்பொடியாக வெட்டினேன். முக்கால் மணி நேரம் பிடித்தது. இறைச்சி அரைக்கும் மெசின் இருந்தால் ஐந்து நிமிட வேலை. இரண்டு வகையையும் கலக்கவில்லை. முதுகுக் கொழுப்பு பெரிய அலுமினியச் சட்டியில், குண்டிக்காய்க் கொழுப்பு சின்னதில்.

பெரிய சட்டியில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினேன். பார்க்க வந்த பக்கத்து வீட்டு மச்சான் சிரித்தார். "எண்ணெய் எடுக்கப் போறீங்களா, சூப்பு வைக்கப் போறீங்களா?" என்றார். நான் ஃபெக்டரியில் டிரையரில் வேலை செய்கிறவன். ஈரம் இருக்கும் வரைக்கும் இலை ஓரளவுக்கு மேல் சூடாகாது, ஈரம் போன மறுநிமிடமே கருகத் தொடங்கும் என்பது எங்களுக்கு அன்றாடப் பாடம். சட்டிக்கும் அதே கணக்கு. கடல் மட்டத்தில் தண்ணீர் நூறு பாகையில் கொதிக்கும். எங்கள் உயரம் கிட்டத்தட்ட ஆயிரத்துத் தொளாயிரம் மீற்றர், இங்கே தொண்ணூற்று நாலிலேயே கொதித்துவிடும். சட்டியில் தண்ணீர் இருக்கும் மட்டும் சூடு அதைத் தாண்டாது. கொழுப்பு கரிய வழியில்லாமல் மெல்ல இளகும். தண்ணீர் முழுக்க ஆவியாவதற்குள் அடியில் போதுமான நெய் சேர்ந்துவிடும், பிறகு துண்டுகள் அந்த நெய்யிலேயே மிதந்து வேகும். மச்சானுக்கு இதை விளக்கினேன். அவர் சுடுதண்ணீரில் தேத்தண்ணி ஊற்றித் தரச் சொன்னார்.

கொப்பியில் இருப்பது: ஒன்பதே காலுக்கு அடுப்பில் ஏற்றினேன். ஒன்பதே முக்காலுக்குத் தண்ணீர் பால் மாதிரி வெண்மையானது, சூடு தொண்ணூற்று மூன்று. பத்தரை வரைக்கும் அதே தொண்ணூற்று நாலு, சத்தம் மட்டும் கொதிக்கும் சோற்றுப் பானை மாதிரி. பத்து ஐம்பதுக்குச் சத்தம் மாறியது. தடபுடவென்று இருந்தது ஓய்ந்து, தூறல் தகரத்தில் விழுவது போல மெல்லிய சரசரப்பு. பால் நிறம் தெளியத் தொடங்கியது, சூடு நூற்றைந்து. இந்த இடத்தில்தான் எழுந்து போகக் கூடாது. இரண்டு மிலாறுகளை வெளியே இழுத்துவிட்டேன். கரண்டியால் அடியைத் துழாவிக்கொண்டே இருந்தேன். பதினொன்றே காலுக்கு நூற்றுப் பதினெட்டு. துண்டுகள் சுருங்கி வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தன. சட்டியை இறக்கிவிட்டேன்.

துண்டுகள் பொன்னிறமாகிப் பொரியும் வரைக்கும் விட்டால் நெய்யில் வறுத்த வாசம் ஏறும். கறிக்கு அது நல்லது. ரொட்டிக்கும் பலகாரத்துக்கும் வெள்ளை நெய்தான் வேண்டும். அதனால் வைக்கோல் நிறத்தில் நெய்யை வடித்தெடுத்துவிட்டு, துண்டுகளை மட்டும் மறுபடி அடுப்பில் ஏற்றிப் பொரித்துக்கொள்வது என்று திட்டம்.

வடிக்கும்போதுதான் சறுக்கினேன். சம்பல் போத்தல் ஒன்றைக் கழுவித் துடைத்து, காயட்டும் என்று ஜன்னல் கட்டையில் வைத்திருந்தேன். வெளியே குளிர் காற்று. சுத்தமான வெள்ளைத் துணியைப் புனலில் விரித்து, நூறு பாகைக்கும் மேல் இருந்த நெய்யை அப்படியே சரித்தேன். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம்தான். போத்தலின் அடிப்பாகம் வட்டமாகக் கழன்றது. நெய் கல்லில் ஓடி, புல்லில் இறங்கி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளையாக உறைந்தது. கால் லீற்றருக்குக் குறையாது. காலில் படாமல் போனது அம்மாயி செய்த புண்ணியம். உறைந்ததைச் சுரண்டி எடுக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன், கண்ணாடித் துகள் கலந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். மச்சான் வீட்டு நாயைக் கட்டிப்போட்டுவிட்டு, அந்த இடத்தில் மண் அள்ளிப் போட்டோம்.

மிச்சத்தை அரை மணி நேரம் ஆறவிட்டு, விரலை நீட்டினால் சூடு தாங்கக்கூடிய அளவில், வெந்நீரில் வைத்துச் சூடாக்கித் துடைத்த போத்தல்களில் ஊற்றினேன். துளி ஈரம் உள்ளே இருந்தாலும் அடியில் தங்கிப் பூசணம் பிடிக்கும். முதுகுக் கொழுப்பு நெய் அறுநூற்றுச் சொச்சம் கிராம் நின்றது, கொட்டியது வேறு. குண்டிக்காய்க் கொழுப்பில் முந்நூறு. முந்நூற்றைம்பதில் முந்நூறு என்றால் கழிவே இல்லை என்று சொல்லலாம். சாயங்காலம் பார்த்தபோது அது பச்சரிசி மாவு மாதிரி வெள்ளை வெளேரென்று, கரண்டியால் தோண்டினால் உதிர்ந்தது. முதுகு நெய் கொஞ்சம் இளகலாக, பூசக்கூடிய பதத்தில். உள்ளே இருக்கும் கொழுப்பு உருக அதிகச் சூடு கேட்கும், வெளியே தோலுக்கடியில் இருப்பது குறைந்த சூட்டிலேயே இளகும். பன்றி உடம்பில் எந்தப் பக்கம் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அதற்கு ஏற்றபடி.

இனிச் சாப்பாடு. அன்று பகலே, வடித்து எடுத்த துண்டுகளை மறுபடி சட்டியில் போட்டுப் பொன்னிறமாகப் பொரித்தோம். அம்மியில் தட்டிய மிளகு, உப்பு, ஒரு பிடி கறிவேப்பிலை, அரிந்த பச்சைக் கொச்சிக்காய் நாலு. நெருப்பை அணைத்துவிட்டு எலுமிச்சம்பழம் பாதி பிழிந்தேன். தட்டில் கொட்டிய கையோடு சாப்பிட வேண்டும். மலைநாட்டுக் குளிரில் ஐந்து நிமிடம் விட்டால் போதும், நெய் தட்டில் உறையத் தொடங்கும், வாயிலும் மெழுகுப் பூச்சாக நிற்கும். பன்றிக் கொழுப்பு வாய்ச் சூட்டில் ஓரளவு இளகிவிடுவதால் தப்பித்தோம். ஆட்டுக்கொழுப்பு இன்னும் மோசம், அண்ணத்தில் போய் ஒட்டினால் சுடுதண்ணீர் குடித்துத்தான் இறக்க வேண்டும். மரைக்கறியும் அப்படித்தான் என்று அந்தக் காலத்து ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கொழுப்பையெல்லாம் வழித்துவிட்டுத்தான் சமைப்பார்களாம்.

கறி விஷயத்தில் நெய் நன்றாகவே கை கொடுத்தது. காட்டுப்பன்றிச் சதை வீட்டுப்பன்றி மாதிரி இல்லை, ஓடித் திரிந்து இறுகியது, உள்ளே கொழுப்புக் கோடு கிடையாது. சும்மா பிரட்டினால் நார் நாராக உலர்ந்துவிடும். இரண்டு கிலோவையும் கறித்தூள், மிளகு, ஊறவைத்து அரைத்த கொறக்காய், இஞ்சி, உள்ளி, ரம்பை எல்லாம் போட்டுப் பிசைந்து, ஒரு கையளவு முதுகு நெய்யை அடியில் விட்டு, மூடி, தணலில் இரண்டரை மணி நேரம் விட்டேன். இந்த உயரத்தில் கொதிநீரே தொண்ணூற்று நாலு என்பதால் கீழ்நாட்டுக் கணக்கில் ஒன்றரை மணி நேரத்தில் இறக்கினால் பல்லுக்கு வேலை வைக்கும். அதோடு காட்டுப்பன்றிச் சதையில் கண்ணுக்குத் தெரியாத புழு இருக்கலாம், உள்ளே சிவப்பு இல்லாமல் முழுக்க வேக வேண்டும். எழுபத்தொரு பாகை உள்வரை ஏறினால் பயமில்லை. குளிர்ப்பெட்டியில் உறையவைத்தால் புழு செத்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். காட்டு மிருகத்துப் புழுவில் குளிரைத் தாங்கும் சாதியும் உண்டு, அதை நம்பி அரைவேக்காடாகச் சாப்பிடக் கூடாது.

ஆனால் எனக்குக் கறியைவிட மறுநாள் காலை ரொட்டிதான். கோதுமை மாவும் தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டு, குண்டிக்காய்க் கொழுப்பு நெய்யில் இரண்டு மேசைக்கரண்டியை உறைந்தபடியே மாவில் விட்டு, விரல் நுனியால் உதிர்த்துப் பிசைந்தார் மனைவி. பிறகுதான் தண்ணீர். தோட்டத்து ரொட்டி ஆறினால் செருப்பு என்பார்கள். இது ஆறிய பிறகும் விரலால் ஒடிக்கும்போது பொறுபொறுவென்று வந்தது. கட்டச் சம்பலோடு நாலு ரொட்டி சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனேன். மகள் பள்ளிக்கூடத்துக்கு இரண்டைக் கட்டிக்கொண்டு போனாள், என்ன நெய் என்று கூட்டாளிகளிடம் சொல்ல வேண்டாம் என்றோம். பன்றி சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகளும் பங்குபோட்டுச் சாப்பிடுகிற வகுப்பு அது.

சாயங்காலம் அதே முதுகு நெய்யில் உருளைக்கிழங்கு வறுத்தோம், ஐயா தோட்டத்துக் கிழங்கு. நெய் நன்றாகக் காய்ந்ததும் போட வேண்டும், புகைய விடக் கூடாது. நூற்றுத் தொண்ணூறைத் தொட்டால் புகையும். வெளியே முறுகல், உள்ளே மா. ஐயா வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன். எந்த நெய் என்று கேட்டு அனுப்பி, பதிலைக் கேட்டு, "என் கிழங்கு இரண்டு வழியாலயும் உன் வீட்டுக்கே வருது" என்றாராம்.

இன்னொரு தப்பும் நடந்தது. ஒரு போத்தலைச் சமையலறை அலுமாரியில், தேயிலைத்தூள் டின்னுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். மூடி சரியாகப் பொருந்தவில்லை. தேயிலை எந்த வாடையையும் உறிஞ்சும். இருபது வருடமாக அதே வேலை செய்கிறவனுக்கு இதைச் சொல்லித்தர ஆள் வேண்டுமா? நாலாம் நாள் தேத்தண்ணியில் பொரித்த வாசம். அரைக் கிலோ நல்ல பீ.ஓ.பி. ரகத் தேயிலைத்தூள் வீணாகிப் போனது. மனைவி அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

இப்போது சித்திரை. மூன்று போத்தலில் ஒன்று காலி. குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் குண்டிக்காய் நெய் இன்னும் முதல் நாள் மாதிரியே இருக்கிறது. முதுகு நெய்ப் போத்தலைப் பரீட்சைக்காகவே வெளியே, வெளிச்சம் படும் தட்டில் வைத்தேன். அது மேலே அரை விரல் மஞ்சளாகி, லேசாகக் காறல் வாடை வரத் தொடங்கிவிட்டது. இந்த வாடை என் மூக்குக்கும் தெரிகிறது. மஞ்சளான பாகத்தை வழித்துக் கொட்டில் போத்தலோடு சேர்த்துவிட்டேன். அடியில் இருப்பதை இந்த வாரத்துக்குள் கறிக்குத் தீர்க்க வேண்டும்.